ஐந்து கிரைண்டர்கள், ஒரு ஜோல்னாப் பை

இந்த ஆள் திருடத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டான் அன்சார்.

பொள்ளாச்சியை அடுத்த சித்தூரில் அன்சார் கவனித்துக்கொள்ளும் பாத்திரக் கடை, அவன் மாமியார் ஐசும்மாவுடையது. இந்த மாதத்தில் மட்டும் அங்கே மூன்று சாமான்கள் காணாமல் போயிருந்தன. ஜல்லிக் கரண்டி போனபோது மாமியார் நோட்டில் குறித்துக்கொண்டார். இட்லித் தட்டு போனபோது முகத்தைச் சுளித்தார். பன்னிரண்டு அங்குல இரும்புத் தோசைக்கல்லும் போனதும் வாய் திறந்துவிட்டார்.

"நாலாவதா ஏதாச்சும் போச்சுன்னா, எங்கண்ணன் பையன் அஜ்மல் கல்லாவுல உக்காரட்டுமுங்க மாப்பிள்ளை."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால், மீசை முளைத்தும் முளைக்காத அஜ்மலுக்குக் கீழே வேலை பார்ப்பதா? தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் அந்தத் தோசைக்கல்லும் கையில் இல்லை.

இந்த நிலைமையில், கூட்டமில்லாத பதினொரு மணிக்கு, தோளில் பெரிய ஜோல்னாப் பையுடன் ஒருவர் நுழைந்தால் அன்சாருக்கு எப்படி இருக்கும்? பெயர் சுவக்கீன் என்றார். இடுக்கி எஸ்டேட் பக்கமிருந்து சித்தூருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். வீட்டில் காபி போட நல்ல கைக் கிரைண்டர் ஒன்று வேண்டுமாம்.

கடையில் ஐந்து விதம் இருந்தன. மேஜையில் திருகி மாட்டும் இரும்புக் கிரைண்டர் ஒன்று, மரப்பெட்டி வைத்தது ஒன்று, ஸ்டீல் குழாய் போல மூன்று. ஐந்தையும் எடுத்து வைக்கச் சொன்னார். ஸ்டீல் பல்லா, பீங்கான் பல்லா என்று விசாரித்தார். கேட்கும்போதே கண்கள் கடையைச் சுற்றி வந்தன.

"கொட்டை நானே கொண்டாந்திருக்கேன் தம்பி. ஒரு பிடி போட்டா மெஷினோட குணம் தெரியாதுல்லா. சூடேறுற வரைக்கும் ஓட்டிப் பாக்கணும்" என்று பையிலிருந்து வறுத்த காபிக்கொட்டைப் பொட்டலத்தை எடுத்தார்.

கைப்பிடி வைத்த எந்தச் சாமானையும் ஓட்டிக் காட்டாமல் விற்பதில்லை என்பது மாமனார் காலத்திலிருந்தே அந்தக் கடையின் வழக்கம். வாங்குகிறவர்தான் ஓட்டிப் பார்ப்பார். ஆனால், இவர் கையில் கிரைண்டரைக் கொடுத்துவிட்டு அசந்தால் அது பைக்குள் போய்விடாதா? அன்சாரின் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்தது.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? ஸ்டூல்ல உக்காருங்க. கை ரெண்டும் மேஜை மேலயே இருக்கட்டும். நானே ஓட்டிக் காட்டறேனுங்க."

சுவக்கீன் சமர்த்துப் பிள்ளையாக உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் மேஜையில் பரப்பினார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்சாருக்கே உள்ளூரப் பூரிப்பாக இருந்தது.

கிரைண்டருக்கு நூறு கிராம். ஒரே பதத்தில் அரைத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால் ஐந்திலும் ஃபில்டர் பதம். இரும்புக் கிரைண்டரில் தோள் இறங்கியது. மரப்பெட்டியில் மணிக்கட்டு போனது. ஸ்டீல் குழாய்க்கு வரும்போது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனாலும் கண்ணை மட்டும் அந்தக் கைகளிலிருந்து எடுக்கவில்லை. அவர் மூக்கைச் சொறியக்கூட அனுமதி கேட்டுத்தான் சொறிந்தார்.

ஒன்றேகால் மணிக்கு எல்லாம் முடிந்தது. சுவக்கீன் தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, மரப்பெட்டி நல்லது, ஸ்டீலும் மோசமில்லை, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

அன்சார் வழியை மறித்தான். "தப்பா நெனைக்காதீங்க. பையக் கொஞ்சம் தெறந்து காட்டுங்க."

அவர் கோபப்படாமல் திறந்தார். ஒரு குடை, ஒரு துண்டு, இப்போது அரைத்த அரைக் கிலோ காபித்தூள். அவ்வளவுதான். அன்சாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டான். நாளைக்குப் பொள்ளாச்சியிலிருந்து இன்னும் இரண்டு மாடல்கள் வருகின்றன, கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்தான். கட்டாயம் வருகிறேன் என்றார் அவர், மனப்பூர்வமாக.

சாயங்காலம் ஐசும்மா கடைக்கு வந்து ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்தார். ஒரு டீ வடிகட்டிகூடக் குறையவில்லை. இனி அஜ்மல் பேச்சே வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொன்னதும் அன்சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் அவரே காபி கலந்து கொடுத்தார். வலது கை தூக்க வராததால் அன்சார் இடது கையால் டம்ளரை வாங்கினான். மணம் ஆளைத் தூக்கியது.

"தூள் ஏதுங்க மாமி?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட சுவக்கீனுன்னு ஒருத்தரு ஒரு வாரமா விக்கறாருங்க. மில்லு தூளில்லைங்க, கையில அரைச்சதாம். அதனால விலையும் ரெண்டு மடங்கு."

அன்சாரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "அவரே அரைக்கறாருங்களா?"

"அவருக்கு என்னங்க தலையெழுத்து? ஊருக்குள்ள கடைக்கொரு ஆள் இருக்காங்களாம். அதுலயும் இன்னிக்குப் புதுசாச் சேந்தவரு ரொம்ப விசுவாசமாமுங்க, மெஷினைத் தொடக்கூட விடாம மொதலாளிய ஸ்டூல்ல உக்கார வெச்சிட்டாராமுங்க."