முழங்கால் வகுப்பு

"வலிக்கிறது தோள்பட்டை, நீ மடக்குறது முழங்கால். எந்த ஊரு வைத்தியம்டி இது?"

"மெதுவா பேசுங்க, கிளாஸ் ஆரம்பிக்கப் போகுது…"

"ஆரம்பிக்கட்டும், அந்த டாக்டர் என்ன சொன்னாரு, கைய இப்படியே விட்டா…"

"இறுகிப் போயிடும். தெரியும். முதல்ல சீப்ப எடுங்க."

எடுத்தார். வேறு வழி?

ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுடைய வலது கை எழவில்லை. தலைவாரி விடுவது அவர் வேலையாகிவிட்டது. ஆயுள் முழுக்க ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்கின் கை. பின்னல் என்ற பெயரில் அவர் முறுக்கி வைப்பது, நின்றுபோன வண்டியைக் கட்டி இழுக்கிற கயிறு மாதிரி இருக்கும். அவள் குறை சொல்வதில்லை. வகுப்பு இருக்கிற நாட்களில் மட்டும் கேட்பாள், வகிடு நேராக இருக்கிறதா என்று.

"கேமராவ அணைச்சுத்தானே வைக்கிறே? யாரு பாக்கப் போறா உன் வகிட்ட?"

அவள் இடது கையால் வகிட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

பிசியோதெரபி செய்கிற இடம் பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. அவரே போய்ப் பேசினார். மாலையில்தான் இடம் இருந்தது. இந்த ஃபோன் வகுப்பும் மாலையில்தான். கிளம்பச் சொன்னால் அவளுக்குத் தலை வலிக்கும். அடுத்த வாரம் கேட்டால் வயிறு. தோளைத் தவிர மற்றதெல்லாம் வலித்தது.

வகுப்பு என்றால் ஒரு வலியும் கிடையாது. தண்ணீர்க் கூஜாவில் ஃபோனைச் சாய்த்து வைத்து, காதில் இயர்ஃபோனைச் சொருகி, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளேயிருந்து யாரோ சொல்லச் சொல்ல, காலை நீட்டுவாள், மடக்குவாள். நன்றாக இருந்த முழங்கால் மேலும் நன்றாகிக்கொண்டிருந்தது. கை மட்டும் யாரோ விட்டுப்போன பொட்டலம் மாதிரி மடியில் கிடந்தது.

நடுநடுவே சிரிப்பாள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று!

"தோளுக்குன்னு ஒரு வகுப்பு இருக்காதா? அதையாவது பாத்துத் தொலையேன்."

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"நம்ம பட்டறைக்கு எத்தனை வண்டி வந்திருக்கும், ஒண்ணையாவது ஃபோன்ல பாத்து சரி பண்ணியிருக்கேனா? கை வச்சுப் பாக்கணும்டி. தொட்டாத்தான் எங்க பிடிச்சிருக்குன்னு தெரியும்."

"எனக்கு இது போதும்."

"கைய தூக்க முடியல, போதுமாம்!"

"இது போதும்ங்க."

சண்டைக்கு நிற்பாள் என்று நினைத்தவருக்கு அந்தக் கெஞ்சல் புரியவில்லை. புரியாததெல்லாம் அவருக்குக் கோபமாகத்தான் வரும். "இனிமே இது வேண்டாம்" என்று ஃபோனைப் பிடுங்கினார். இயர்ஃபோன் வயர் கழன்று அவள் மடியில் விழுந்தது.

குரல் அறைக்குள் வந்துவிட்டது.

"அவசரமே வேண்டாம். மெதுவா நீட்டுங்க. வலிச்சா நிறுத்திடுங்க, யாரும் திட்ட மாட்டாங்க."

அவர் கை அப்படியே நின்றது.

தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து இன்னாருடைய வண்டி என்று சொல்கிறவர் அவர். இந்தக் குரல் யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று, முன்பொரு நாள் மகள் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். "அதுதான் உன் வீடு, திரும்பிப் போ" என்று கதவைச் சாத்தினார். திரும்பினாள். அந்த வீட்டுக்கும் போகவில்லை. எங்கே போனாள், என்ன படித்தாள், எப்படிப் பிழைத்தாள் என்று அவர் விசாரிக்கவில்லை. மனைவியை விசாரிக்க விடவும் இல்லை.

விட்டதில்லை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் மகள். கன்னம் ஒடுங்கியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். எலும்பு பொம்மையின் முழங்காலைக் கையில் வைத்து மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பதறிப்போய் அணைக்கப் பார்த்தார். அவருடைய தடித்த கட்டைவிரல் எங்கேயோ பட்டது. திரையின் மூலையில், அத்தனை நாளும் கறுப்பாகவே கிடந்த சின்னக் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. பாதி கட்டத்தில் அவர் முகம். பின்னால், கோணல் பின்னலோடு மனைவி.

எண்ணிக்கொண்டிருந்த குரல் நின்றது.

மற்ற கட்டங்களில் இருந்தவர்கள், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், நீட்டிய காலோடு காத்திருந்தார்கள்.

"குடுங்க, என்கிட்ட குடுங்க" என்று அவள் ஃபோனுக்காகக் கையை நீட்டினாள். அவசரத்தில் வலது கையை. அது மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, அப்படியே துவண்டு விழுந்தது.

மகளின் கண் அவர் முகத்தில் தங்கவில்லை. அவரைத் தாண்டிப் பின்னால் போய், அந்தக் கையில் நின்றது. வெகுநேரம் நின்றது.

அவள் எலும்பு பொம்மையைக் கீழே வைத்தாள்.

"இங்கருந்து பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. தொட்டுத்தான் பாக்கணும். நான் வரட்டுமா?"