கிழக்குப் பக்க ஒயர்

நடுமுதுகுக்குக் கீழே விண்விண்ணென்று தெறித்தது. காலை ஏழு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தவள், மதியம் மூன்றாகியும் எழவில்லை.

மூட்டை தூக்கிய அப்பாவுக்கும் இதே இடத்தில்தான் வலிக்கும். உட்கார்ந்து சம்பாதிப்பவளுக்கு முதுகு வலி என்றால் அவர் சிரிப்பார்.

துருவ ஒளி ஆடும் வானத்தில், காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு விண்வெளியிலிருந்து மின்சாரம் இறங்குகிறது. இறங்கியது வேறோர் இடத்தில் ஏறிப் போயாக வேண்டும். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம்.

காந்தப் புயல் அடித்த ஒரே ஒரு நாளுக்கு அந்தக் கணக்கைப் போட ஐந்து வருடம் ஓடிவிட்டது. இறங்கியதில் கால்வாசி ஏறவே மாட்டேன் என்கிறது.

"ஓட்டை வானத்துல இருக்கா, உன் புரோகிராம்ல இருக்கா?" என்று துறைத்தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். நாளை குழு கூடுகிறது. கணக்கு நேராகாவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

வரைபடத்தில் ஓர் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. வட துருவத்தை ஒட்டிய ஒரு மலை மேல் இருந்த நிலையம். பக்கத்து நிலையங்களின் காந்தமானிகள் கிழக்கே என்றால் இது மேற்கே என்னும். கருவி கெட்டுவிட்டது என்று அதன் அளவுகளை அவள்தான் தூக்கிப் போட்டிருந்தாள்.

பழைய கோப்பின் தலைப்பில், அங்கே வேலைக்குப் போன தமிழ்க் காவலாளியின் எண் இருந்தது. வேறு வழி தெரியாமல் அடித்து, அந்தப் புயல் நாளைச் சொல்லி, கருவிக்கு என்ன ஆனது என்று கேட்டாள்.

"இருங்கம்மா, நோட்டைப் பாத்துச் சொல்றேன்... ஆங், அதுக்கு முந்தின வாரம் மழைல கூரை ஒழுகிச்சு. பெட்டியக் கழட்டி உள்ள வச்சுட்டு மறுபடி மாட்டினேன். கிழக்குப் பக்க ஒயர் ரெண்டும் மாறியிருக்கலாம்னு அன்னிக்கே எழுதியிருக்கேன். எழுதப் பேனா குடுத்தாங்க, படிக்க ஆள் போடல."

அந்த அளவுகளின் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டாள். புரோகிராமை ஓடவிட்டாள்.

பதினோரு நிமிடம். அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

காணாமல் போன கால்வாசி, அந்த மலைக்கு நேர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டி வந்து நின்றது.

"அண்ணே, என் அஞ்சு வருஷத்தக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க. உங்களுக்குக் கோடிக் கும்பிடு."

"நல்லா இருங்கம்மா. நான் இப்ப அங்க இல்ல, நம்ம ஊர்ல லாரி செட்டுல வாட்ச்மேன். போன வருஷமே நிலையத்த மூடிட்டாங்க. மெஷினை நம்ப முடியாதுன்னு யாரோ பெரிய படிப்பு படிச்சவங்க எழுதிட்டாங்களாம். நோட்டைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரல, பையிலயே கெடக்கு."

எழுதியது அவள். முதல் கட்டுரையின் அடிக்குறிப்பில், ஒரே ஒரு வரி.

அவள் இன்னொரு முறை நன்றி சொன்னாள். அதற்குப் பிறகும் ஒரு முறை. எல்லாம் மனதாரச் சொன்னவைதான்.

போனை வைத்தாகிவிட்டது. அவரிடம் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பு பாக்கி.