2214க்கு அடுத்து 2232

2214க்கு அடுத்து 2232 நின்றது.

லோர்னா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். மெர்வின் எடுத்த படங்களில் நடுவே பதினேழு காணோம்.

ஒன்றிரண்டு விட்டுப்போவது புதிதல்ல. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மெர்வின் இருவர் கேமராப் படங்களையும் மென்பொருளில் ஏற்றி, நேரப்படி அடுக்கி, கண்மூடியது, ஆடியது எல்லாவற்றையும் எக்ஸ் விசையால் தட்டிக் கழிப்பான். கழித்தவை கண்ணிலிருந்து மறைந்துவிடும். மிச்சத்துக்குத் திங்கள் காலை லோர்னா நிறம் சேர்ப்பாள். இந்த ஏற்பாடு வந்த பிறகு மூன்று வார வேலை நான்கு நாளில் முடிகிறது.

ஆனால் பதினேழு படத்தில் சேர்ந்தாற்போல் கண்ணை மூடுவார்களா?

நேரத்தைப் பார்த்தாள். 2214 எடுத்தது மாலை 4.10. அடுத்தது 4.52. கடிகாரத்தைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு கல்யாணத்தன்றும் காலையில் இருவரும் ஒரே சுவர்க் கடிகாரத்தைப் படம் எடுத்து நேரம் சரிபார்த்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை, ஏரிக்கரை மண்டபம். விருந்துக்கு முன்னால் மணமக்கள் ஓய்வெடுக்கப் போன நேரம் அது. அப்போது இவனுக்கு என்ன படம்?

2214இல் மணப்பெண்ணின் தோழி ஒருத்தி பச்சைச் சால்வையோடு தனியாக நின்று சிரித்தாள். 2232இலும் அவளேதான். சால்வையைக் காணோம். தலைமுடி கலைந்திருந்தது.

லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில் அவள் தோள்களில் மாட்டியிருந்த இரண்டு கேமராவிலும் படம் எதுவும் இல்லைதான். அது கிடக்கட்டும். தான் எங்கே இருந்தோம் என்று அவளுக்குத் தெரியும். இப்போது கேள்வி அவனைப் பற்றியது.

யோசிக்க யோசிக்க எல்லாம் பிடிபட்டது. பனி உருகிய நாளிலிருந்தே மெர்வின் சரியில்லை. அவள் தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்பதில்லை. கேட்காமலே அவள் காரைக் கழுவி வைக்கிறான். அவள் ஆசைப்பட்ட லென்ஸைப் பிறந்தநாள்கூட இல்லாத ஒரு நாளில் வாங்கி மேசையில் வைத்தான். தப்பு பண்ணுகிற ஆம்பளைதான் திடீரென்று இவ்வளவு நல்லவனாவான் என்று அவள் அக்கா சொல்வாள்.

போன வாரம் வேறு, இனிமேல் கர்ட்டை யாருக்கும் சிபாரிசு செய்ய வேண்டாம் என்றான். வின்னிபெக் நகரத்தில் இவர்கள் போகும் கல்யாணங்களில் பாதிக்குக் கர்ட்தான் பாட்டுப் போடுகிறவன். ஏன் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்று தோளைக் குலுக்கினான். சும்மாவா? மேடையில் நிற்கிற கர்ட்டின் கண்ணுக்கு மண்டபத்தில் நடப்பதெல்லாம் தெரியும். எதையோ பார்த்திருப்பான். அதுதான் மெர்வின் அவனை ஓரங்கட்டப் பார்க்கிறான். கெட்டிக்காரன்.

மாடிப்படி மேலிருந்து மெர்வினின் குரல் வந்தது.

"லோர்னா, காப்பி ஊத்தட்டுமா?"

"இப்ப வேணாம்."

அந்தக் கரிசனத்தைக் கேட்டதும் இன்னும் எரிந்தது.

அவன் கழித்ததை அவள் திறந்து பார்ப்பதில்லை. அவள் நிறம் சேர்த்ததில் அவன் கை வைப்பதில்லை. பதினோரு வருஷமாகத் தொழிலும் ஓடியது, குடும்பமும் ஓடியது இந்த ஒரு ஒப்பந்தத்தில்தான். இப்போது திறந்தால் இரண்டும் போய்விடலாம். வாசல் பலகையில் சேர்ந்து எழுதிய இரண்டு பெயர்கள், இந்த வீடு, எல்லாம்.

பயமாக இருந்தது. அவனும் யோக்கியன் இல்லை என்றால் தேவலை என்றுகூட ஒரு நினைப்பு உள்ளே ஓடியது.

இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். கழித்தவற்றையும் காட்டு என்பதை அழுத்தினாள்.

பதினேழு சின்னச் சதுரங்கள் வந்து விழுந்தன.

முதல் மூன்றில் ஏரியும் படகுக் கொட்டகையும்தான் இருந்தன. மணமக்களை நிறுத்த இடம் தேடி எடுத்தவை. நான்காவதில் கொட்டகை நிழலில் இரண்டு பேர். அதற்கடுத்த ஒவ்வொன்றிலும் தூர லென்ஸ் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே இழுத்திருந்தது.

பச்சைச் சால்வைக்காரி எதிலும் இல்லை.

ஆணின் முதுகில் கால்சட்டையைத் தாங்கும் சிவப்புத் தோள்வார்கள் குறுக்கே ஓடின. கல்யாணத்துக்கு அப்படி உடுத்தி வருகிறவன் கர்ட் ஒருவன்தான்.

அவன் கைகளுக்குள் இருந்த பெண்ணின் முகம் நிழலில் இருந்தது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவள் இரண்டு தோள்களிலும் பக்கத்துக்கொன்றாக இரண்டு கேமராக்கள் தொங்கின.

லோர்னா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பதினாறு படங்களில் மெர்வின் எந்த வேலையும் செய்திருக்கவில்லை. கடைசிப் படம், 2231இல் செய்திருந்தான். சாய்ந்திருந்த ஏரியின் கோட்டை நேராக்கியிருந்தான். அந்தப் பெண்ணின் முகத்தில் விழுந்திருந்த நிழலைக் கையாலேயே, சிறுகச் சிறுக, எடுத்துவிட்டிருந்தான். அவள் சிரிப்பது நன்றாகத் தெரிந்தது.

அதன் பிறகுதான் எக்ஸை அழுத்தியிருந்தான்.

"ஊத்திட்டேன் லோர்னா. ஆறிடப்போகுது, வா."