லீட்ஸில் ஒரு நாற்காலி

“இங்கேயே இருந்தா கடைசி வரைக்கும் நீ ரெண்டாவது ஆளாத்தான் இருப்பே, ட்ரெவர்” என்றார் டெஸ்மண்ட், மாட்டிறைச்சி ரெண்டாங் கறியில் இன்னொரு துண்டைத் தன் தட்டுக்கு நகர்த்தியபடி.

ட்ரெவருக்குச் சுருக்கென்றது. ஜகார்த்தாவில் ஒரு பெயின்ட் கம்பெனியில் அவர் பல வருடங்களாகத் துணை மேலாளர். லண்டனிலிருந்து ஒவ்வொரு மேலாளராக வந்திறங்குவார்கள். அவரிடமே வேலை கற்றுக்கொள்வார்கள், அவரையே அதட்டுவார்கள், பிறகு பதவி உயர்வில் சிங்கப்பூர் போய்விடுவார்கள்.

டெஸ்மண்டின் தொழில், பெரிய நிறுவனங்களுக்கு மேலதிகாரிகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது. இருவருக்கும் சொந்த ஊர் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம், இருவரும் தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் டெஸ்மண்ட் ட்ரெவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் இருப்பார். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரே பேச்சு. அதே பக்கத்து லீட்ஸ் நகரில் ஒரு கம்பெனிக்கு நிர்வாக இயக்குநர் வேண்டும், அந்த நாற்காலியில் ட்ரெவர் உட்கார வேண்டும்.

ட்ரெவர் சாக்குகளை அடுக்கினார். லீட்ஸில் விடாமல் மழை பெய்யும். சட்டையைத் தானே தேய்க்க வேண்டும். எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்பதே மறந்துவிட்டது. இங்கேயானால் டிரைவர் இருக்கிறார், கிளப் இருக்கிறது, கேட்கும் முன்பே காபி வந்துவிடுகிறது.

“அதான் வியாதியே” என்றார் டெஸ்மண்ட். “நம்மாளு ஒவ்வொருத்தனும் ரெண்டே வருஷம்னு சொல்லிட்டுத்தான் வர்றான். அப்புறம் ஒரு டிரைவர், ஒரு கிளப், அவ்வளவுதான், முடிஞ்சான். ஊர்லயும் அவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது, இங்கயும் ஒரு பய மதிக்க மாட்டான். தலைவன்னா யாருய்யா? வசதியை விட்டுட்டு எழுந்திருக்கத் தெரிஞ்சவன்.”

இதைச் சொல்லும்போது அவர் எழுந்திருக்கவில்லை. சமையற்காரி வார்சித்தியிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

“உனக்கு இதுல கமிஷன் வரும். நீ பேசத்தான் செய்வே” என்றார் ட்ரெவர்.

டெஸ்மண்டின் முகம் வாடிவிட்டது. இந்த ஒரு நியமனத்துக்கு மட்டும் ஒரு காசு வேண்டாம் என்று லீட்ஸ்காரர்களிடம் முன்பே சொல்லிவிட்டதாகச் சொன்னார். “எல்லாத்தையும் காசுக்காகவா செய்வாங்க? நீ ஒரு நல்ல நிலைமைக்கு வரணும்ப்பா.”

ட்ரெவர் நெகிழ்ந்துபோனார். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பதவி தேடித் தந்து பிழைக்கிற மனிதன், தனக்காக இலவசமாக உழைக்கிறான். சந்தேகப்பட்டதற்குப் பரிகாரமாக டெஸ்மண்டுக்கு இன்னொரு கோப்பை மது ஊற்றினார்.

அடுத்த வாரம் லண்டனிலிருந்து புது மேலாளர் வந்தான். காலுறை போடாத பையன், ட்ரெவர் வயதில் பாதி. முதல் கூட்டத்திலேயே ட்ரெவரின் தோளைத் தட்டி, “தலைமைப் பண்புன்னு ஒரு பயிற்சி இருக்கு, உங்களை மாதிரி பெரியவங்களுக்கும் உதவியா இருக்கும்” என்றான். ட்ரெவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டெஸ்மண்டுக்குப் போன் செய்தார்.

“அந்த நாற்காலி இன்னும் காலியா இருக்கா?”

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. லீட்ஸில் பேசி முடித்தது, வீடு பார்த்தது, சாமான் கட்ட ஆள் அனுப்பியது எல்லாம் டெஸ்மண்ட்தான். புறப்படும் நாளில் வார்சித்தி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெஸ்மண்ட் விமான நிலையத்துக்கு வரவில்லை. அவசரமாக ஓர் ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தகவல் அனுப்பியிருந்தார். அவர் தொழில் அப்படி என்று ட்ரெவர் விட்டுவிட்டார்.

லீட்ஸில் நாற்காலி பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் அவரை “ட்ரெவ்” என்று கூப்பிட்டார்கள். டீக்கு அவரும் வரிசையில் நின்றார். அவர் போட்ட முதல் உத்தரவைக் காவலாளி முதல் கணக்கர் வரை நிதானமாக விவாதித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு வந்தால் மழை, இஸ்திரிப் பெட்டி, ரொட்டியும் பீன்ஸும்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவருக்குப் பொறுக்கவில்லை. கறியும் தேங்காயும் வாங்கி வந்து ரெண்டாங் சமைக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் சமையலறை புகையால் நிறைந்தது. வேறு வழியில்லாமல் வார்சித்தியை வீடியோவில் கூப்பிட்டார். ஜகார்த்தாவில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம்.

அவள் அடிபிடித்த சட்டியைப் பார்த்துச் சிரித்தாள். “அடுப்பைக் குறைச்சு வைங்க துவான்” என்றாள். அவள் மொழியில் துவான் என்றால் ஐயா. “இது நின்னு செய்யற வேலை, அவசரப்பட்டா வராது.”

ட்ரெவர் அடுப்பைக் குறைத்தார். அவளுக்கு வேறு வேலை கிடைத்ததா என்று கேட்டார். இந்தக் கேள்வி இத்தனை நாளும் அவர் மனதில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

“நீங்க கிளம்பின அன்னிக்கே கிடைச்சிடுச்சு துவான். சம்பளமும் கூட.”

“அப்பாடா. யார் வீட்டுல?”

வார்சித்தி போனைத் திருப்பினாள். மேஜையில், கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு, வாய் நிறையச் சோற்றோடு டெஸ்மண்ட் அப்படியே உறைந்துபோயிருந்தார்.

“ரெண்டு வருஷமா என்னைத் தன் வீட்டுக்குச் சமைக்க வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தார் துவான்” என்றாள் வார்சித்தி. “நான்தான், துவான் ட்ரெவர் இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் அவரை விட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டேன்.”