பதிமூன்றாவது கோடு

ஓய்வுபெற்ற தபால்காரருக்குப் பார்க்கின்சன் நோய்; மூளையில் டோபமைன் குறைந்துபோனதில், நடக்கும்போதே கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கோட்டைப் பார்த்தால் கால் தானாக எழும் என்று பிசியோதெரபிஸ்ட் கட்டிலிலிருந்து எதிர்ச்சுவர் வரை தரையில் குறுக்குக் கோடுகளாகப் பன்னிரண்டு மஞ்சள் டேப் ஒட்டிவிட்டுப் போனாள். மனுஷர் கிடுகிடுவென்று நடந்தார். மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை, சுவரில் முழங்கால் உயரத்தில் பதிமூன்றாவது டேப் இருந்தது.

"யாருங்க ஒட்டினது?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன தெரியும்? கோடு இருந்தா கால் போகுது, அவ்வளவுதான்."

மறுநாள் அவள் காபியோடு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. டேப் வரிசை சுவரேறிப் போயிருந்தது. அண்ணாந்து பார்த்தாள்.

"காபி ஆறுது, இறங்கி வாங்க."

கூரையில் தலைகீழாக நின்றவர் சிரித்தார். சட்டைப்பையிலிருந்த மாத்திரைகூடக் கீழே விழவில்லை.

"ஃபேனை மட்டும் நிறுத்தும்மா. இன்னும் நாலு கோடு பாக்கி இருக்கு."