விழுங்கும் பயிற்சி

“ஈஈஈ...” என்று அலறினார் அந்த மனிதர். அவர் மார்பை நாற்காலியோடு சேர்த்து ஒரு தோல் பெல்ட் இறுக்கிப் பிடித்திருந்தது. எதிரே கரண்டியோடு நின்ற மனைவி, “பத்தாது, இன்னும் சத்தமா!” என்றாள்.

அன்று காலை போலீஸ்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது அந்த நேரம் பார்த்துத்தான். பின்னாலேயே கீழ்வீட்டு டெய்லரம்மா, கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“நல்லா கண்ணால பாருங்க சார்! தினம் சாயந்திரமானா இதே அலறல். மிஷின்ல உட்கார முடியல, மனசு பதறுது. இத்தனை வருஷமா கீழ குடியிருக்கேன், இந்த வீட்டுல ஆம்பளை கத்தி நான் கேட்டதே இல்ல.”

போலீஸ்காரர் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். “என்னம்மா இது? கட்டின புருஷனைக் கட்டிப் போட்டு வச்சிருக்கீங்க?”

“கட்டச் சொன்னது நான்தான் சார்.” சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் ஆஸ்பத்திரித் தெரபிஸ்ட்.

“இவருக்கு மோட்டார் நியூரான் நோய். தசையெல்லாம் ஒவ்வொண்ணா செயலிழந்துட்டு வருது. கை கால் வராது, பேச்சும் போயிடுச்சு. விழுங்குறதாவது இன்னும் கொஞ்ச நாள் தாங்கட்டும்னு பயிற்சி குடுக்கறோம். குரலை உச்சத்துக்கு ஏத்தி ‘ஈ’ன்னு இழுத்தா குரல்வளை மேல ஏறும். விழுங்கும்போதும் அது அப்படித்தான் ஏறணும். உடம்பு சாய்ஞ்சா புரை ஏறிடும், அதுக்குத்தான் பெல்ட்டு.”

“அவரோட பெல்ட்டுதான்” என்றாள் மனைவி.

போலீஸ்காரர் முகத்தில் அசடு வழிந்தது. “அப்ப இதை தினமும் செய்யணுமாம்மா?”

“செய்யணும்” என்றாள் தெரபிஸ்ட். “ஆனா காலையில மட்டும், அதுவும் கொஞ்சமா. சாயந்திரம் தசை களைச்சுப்போயிருக்கும். அப்ப செஞ்சா நல்லதுக்கு பதில் கெடுதல்தான்.”

நாற்காலிக்காரரின் கண்கள் போலீஸ்காரரை விட்டு நகரவில்லை. “ஈ... ஈஈ... ஈஈஈ!” என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“பாருங்க, நீங்க வந்ததும் எவ்வளவு ஆர்வமா செய்றார்!” தெரபிஸ்டுக்கு ஒரே பூரிப்பு. “அழுகையைப் பார்த்து பயப்படாதீங்க சார். இந்த நோயில அது தானா வரும்.”

“சபாஷ் ஐயா, விடாதீங்க!” என்று போலீஸ்காரர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

டெய்லரம்மா கூனிக் குறுகிப் போனாள். “என்னை மன்னிச்சுடும்மா. புருஷனைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிற உன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டேனே! இனிமே நீ பாட்டுக்கு செய். எனக்குச் சத்தம் தாங்கலைன்னா ரேடியோவைக் கூட்டி வச்சுக்கிறேன்.”

“எப்பவும் போலத்தானேக்கா” என்று சிரித்தாள் மனைவி.

நல்லவர்கள் மூவரும் மனநிறைவோடு படியிறங்கினார்கள். தெரபிஸ்ட் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

சாயந்திரம் வந்தது. ஜன்னலைச் சாத்தக்கூட மனைவி மெனக்கெடவில்லை. கணவரின் மார்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்ததும் அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். ஒரு காலத்தில் அவர் சுற்றிக்கொள்வாரே, அதே மாதிரி பக்கிள் வெளியே தொங்கும்படி அதைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

“ஈஈஈ...” என்று அவர் தொடங்கியதுமே கீழே ரேடியோவின் சத்தம் கூடியது.

அவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள்.

“கத்துங்க. நான் கத்தினப்பவும் யாரும் வரல.”