தூக்கிய கால்

கூட்டில் தவிடு ஏன் குறைகிறது என்று கோழிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. பதில் சொல்ல முடியாத பெரிய சேவல் குளத்துப் பக்கம் திரும்பினார். நடுத்திட்டில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது.

"பாருங்கடி, நம்மளப் பாத்துக் காலைத் தூக்கிக் காட்டுறான்!"

தவிட்டுப் பேச்சு அத்தோடு நின்றுபோனது. வாழைமரத் தெப்பத்தில் படை கிளம்பியது. முன்னால் நின்றவன் சாம்பல் சேவல். திட்டில் குதித்து அவன் சிறகடித்ததும் கொக்கு பறந்துபோனது. போர் அவ்வளவுதான்.

"சிங்கம்டா நீ! இங்கயே காவல் இரு. மழைக்கு முன்னால ஆள் மாத்தி விடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரிய சேவல் தெப்பத்தில் ஏறினார்.

"நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றான். நெஞ்சு விம்மியது.

தினமும் விடியலில் "இது நம்ம திட்டு!" என்று குளமே அதிரக் கூவினான். அதைக் கேட்டுக் கரையில் குஞ்சுகள்கூட நிமிர்ந்து நடந்தன. அவன் அங்கே என்ன தின்கிறான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மழைதான் வந்தது, மாற்று ஆள் வரவில்லை. கரையில் தவிடு இன்னும் குறைந்திருந்தது. திட்டில் தண்ணீர் ஏறவே, குளிர் தாங்காமல் ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் செருகிக்கொண்டான். தலையை மட்டும் தாழ்த்தவில்லை.

தெப்பம் அசைவது தெரிந்தது. 'நம்ம ஆளுங்க வர்றாங்க!' என்று பூரித்துக் கூவப் பார்த்தான். தொண்டை கட்டியிருந்தது.

மழைக்கு அப்பாலிருந்து பெரிய சேவலின் குரல் வந்தது.

"பாருங்கடி, இன்னொருத்தன் காலைத் தூக்கிக் காட்டுறான்!"